டெட்லிஃப்டில் இடுப்பு பிடித்துக்கொண்டது: பெல்ட் கட்டியிருந்தால் தப்பித்திருப்பேனா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 33. பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலை. நாளுக்குப் பத்து மணி நேரம் நாற்காலியில்தான். 14 மாதங்களாகக் காலை 5.30 மணிக்கு ஜிம்முக்குப் போகிறார். டெட்லிஃப்டில், அதாவது தரையில் கிடக்கும் எடை மாட்டிய கம்பியை (பார்) நிமிர்ந்து நிற்கும்வரை தூக்கும் பயிற்சியில், 90 கிலோ வரை சிரமமில்லாமல் வந்தவர், ஜிம் நண்பர்களுக்குள் ஒரு போட்டி வைக்கலாம் என்று பேச்சு வந்ததும் மூன்றே வாரத்தில் 120 கிலோவுக்குப் போய்விட்டார். ஷிப்மென்ட் நெருக்கடியில் நான்கு மணி நேரம்கூடத் தூங்காத ஒரு காலை, நான்காவது ரெப்பில், அதாவது நான்காவது முறை தூக்கும்போது, கீழ்முதுகு சுருக்கென்று பிடித்துக்கொண்டது. குனிந்து ஷூ லேஸைக்கூட அவிழ்க்க முடியவில்லை. வலி இடது பிட்டம் வரை பரவியது. முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை. மூன்று நாள் படுக்கை, சுளுக்கு எடுப்பவரிடம் ஒரு முறை, அப்புறம் ஒரு எம்.ஆர்.ஐ. "எல்-4, எல்-5 (கீழ்முதுகின் இரண்டு எலும்புகள்) இடையே லேசான டிஸ்க் பல்ஜ்" என்று அறிக்கை வந்தது. ஏழு வாரம் ஓடிவிட்டது. இப்போது வலி அநேகமாக இல்லை. வெகுநேரம் உட்கார்ந்தால் மட்டும் கடுக்கிறது.

"பெல்ட் போட்டிருந்தா இது நடந்தே இருக்காது" என்கிறார் அவருடைய பயிற்சியாளர். "இரும்பைத் தூக்கித்தான் ஜவ்வு விலகிப்போச்சு, இனி அந்தப் பக்கமே போவாத சாமி" என்கிறார் அம்மா. இவர் எலாஸ்டிக் இடுப்பு பெல்ட் ஒன்றை வாங்கி, அலுவலகத்தில் நாள் முழுக்கக் கட்டிக்கொண்டிருக்கிறார். மறுபடி டெட்லிஃப்ட் செய்யலாமா, சரியான முறை எது, எந்த பெல்ட் வாங்குவது என்று கேட்டிருக்கிறார். அன்று காலை தூக்கியதன் வீடியோவையும் அனுப்பியிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் இரண்டு விஷயங்களைப் போகிற போக்கில் சேர்த்திருக்கிறார். அலுவலக மருத்துவ முகாமில் ஒரு முறை பிபி 138/88 காட்டியதாம். சிசேரியன் முடிந்து இரண்டு வருடமான மனைவியும் ஜிம்முக்கு வர ஆசைப்படுகிறார். அம்மா "கர்ப்பப்பை இறங்கிடும்" என்று தடுக்கிறாராம்.

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் உங்கள் பயத்தை இறக்கி வைத்துவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் முதுகு ஒடிந்துபோன முதுகு அல்ல. ஏழே வாரத்தில் வலி இவ்வளவு அடங்கியதே நல்ல அறிகுறி. நேரில் தொட்டுப் பார்க்காமல் முழு உறுதி தர என்னால் முடியாது. ஆனால் டெட்லிஃப்டை உங்கள் வாழ்க்கையிலிருந்தே அழித்துவிட வேண்டும் என்று சொல்ல இந்தக் கடிதத்தில் ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அம்மா சொன்ன 'ஜவ்வு விலகல்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இந்த ஒரு சொல்லால் பயந்து, பல வருடம் குனியாமலே வாழ்ந்தவர்களை என் சிகிச்சை அறையில் பார்த்திருக்கிறேன். டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை போன்ற ஜவ்வு. குழாய் வாஷர் நழுவுவதுபோல அது நழுவாது. மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு அது இறுகப் பிணைந்திருக்கிறது. அதன் ஓரம் சற்றுப் புடைத்திருப்பதைத்தான் 'பல்ஜ்' என்கிறார்கள். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. வலியே இல்லாத 30 வயதுக்காரர்களில் 40 விழுக்காட்டினருக்கு இந்தப் புடைப்பு இருந்தது. 50 வயதில் அது 60 விழுக்காடு. அதாவது உங்கள் பல்ஜ் அந்த 120 கிலோவால் வந்ததா, அதற்கு முன்பே சத்தமில்லாமல் இருந்ததா என்று அந்தப் படத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. சுளுக்கு எடுத்தவர் எதையும் 'உள்ளே தள்ளி' வைத்திருக்கவும் முடியாது. இதமான தடவல் தசைப்பிடிப்பைத் தளர்த்தலாம், அதில் தவறில்லை. ஆனால் காலுக்கு வலி பரவும்போது இடுப்பை வெடுக்கென்று முறுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

லாமர் கான்ட் என்ற அமெரிக்க பவர்லிஃப்டருக்கு (எடை தூக்கும் போட்டி வீரர்) முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. அந்த முதுகோடுதான் 1985-இல், 60 கிலோ உடல் எடையில், 300 கிலோவை டெட்லிஃப்ட் செய்தார். தன் உடல் எடையைப் போல் ஐந்து மடங்கு. நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஸ்கேனில் முதுகு எப்படித் தெரிகிறது என்பது ஒன்று, அந்த முதுகால் என்ன முடியும் என்பது வேறொன்று. அதற்காகத்தான் சொன்னேன்.

அன்று காலை நடந்தது என்ன?

பயிற்சியாளர் பெல்ட்டைக் காரணம் காட்டுகிறார். எனக்குக் கண்ணில் படுவது வேறு மூன்று. மூன்று வாரத்தில் 30 கிலோ ஏற்றியது முதலாவது. தசை வேகமாகத் தேறிவிடும். தசைநார்களும் டிஸ்க்கும் எலும்பும் மெதுவாகத்தான் பழகும். இரண்டாவது தூக்கமின்மை. மூன்றாவதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பிவிடும். அதனால் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் முதுகு குனிய விறைப்பாக இருக்கும், குனிவின் அழுத்தமும் டிஸ்க்கில் கூடுதலாக விழும். 5 மணிக்கு எழுந்து 5.30-க்குக் கனமான செட் (தொடர்ந்து சில ரெப்புகள் தூக்கும் ஒரு சுற்று) போடுவது உங்கள் முதுகுக்கு மிகவும் கடினமான நேரத்தில் மிகவும் கடினமான வேலையைக் கொடுப்பது. காலை நேரம்தான் கிடைக்கும் என்றால், முதல் அரை மணியை நடைக்கும் மேலுடல் பயிற்சிகளுக்கும் கொடுத்துவிட்டு டெட்லிஃப்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று பெல்ட் கட்டியிருந்தாலும் இந்த மூன்றும் அப்படியேதான் இருந்திருக்கும்.

தூக்கும் முறை

நீங்கள் அனுப்பிய வீடியோவில் முதலில் என் கண்ணில் பட்டது உங்கள் முதுகு அல்ல, உங்கள் ஜிம்மின் பிளேட்டுகள், அதாவது பாரின் இரு முனையிலும் மாட்டும் வட்ட எடைகள். போட்டிகளில் பயன்படும் பெரிய பிளேட்டின் விட்டம் 450 மில்லிமீட்டர். அதனால் பாரின் நடு தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். உங்கள் ஜிம்மில் இருப்பவை சிறிய இரும்பு பிளேட்டுகள். பார் உங்கள் கணுக்காலுக்குச் சற்று மேலேயே கிடக்கிறது. அந்தப் பள்ளத்திலிருந்து எடுக்கும்போது யாருக்கும் இடுப்பு உள்ளே சுருண்டுதான் போகும். நம் ஊர் சின்ன ஜிம்கள் பலவற்றில் இதே கதைதான். தீர்வு எளிது. இரண்டு பக்கமும் ரப்பர் மேட்டையோ படுக்க வைத்த பிளேட்டுகளையோ அடுக்கி, பார் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் ஏறக்குறைய நடுவில் வருமாறு உயர்த்துங்கள். இதை வெட்கப்படாமல் செய்யுங்கள். உங்களுக்கு நான் சொல்லும் முதல் மருந்து இதுதான்.

இப்போது நிற்கும் விதம். பாதங்கள் இடுப்பு அகலத்தில் இருக்கட்டும். பார், ஷூ லேஸ் முடிச்சுக்கு நேர் மேலே, அதாவது பாதத்தின் நடுவில் வர வேண்டும். முழங்கால் கீழெலும்புக்கும் பாருக்கும் இரண்டு விரல் இடைவெளி இருக்கும். பாரை நகர்த்தாமல் குனிந்து, கால்களுக்கு வெளியே பிடியுங்கள். பிறகு முழங்காலை முன்னே விடுங்கள், கீழெலும்பு பாரைத் தொடும். அதோடு நிறுத்துங்கள். வீடியோவில் நீங்கள் இந்த இடத்தில் இன்னும் கீழே உட்காருகிறீர்கள், தோப்புக்கரணம் போடுவதுபோல. அப்போது முழங்கால் பாரை முன்னே தள்ளிவிடுகிறது. பார் முன்னே போகும் ஒவ்வொரு விரற்கடைக்கும் உங்கள் கீழ்முதுகு கூடுதல் கூலி கொடுக்கிறது. தண்ணீர்க் குடத்தை உடம்போடு ஒட்டி எடுப்பதற்கும் கை நீட்டி எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

'முதுகை நேராக வை' என்று எல்லோரும் சொல்கிறார்கள். பலர் அதை 'முதுகைச் செங்குத்தாக வை' என்று புரிந்துகொள்கிறார்கள். நேர் வேறு, செங்குத்து வேறு. டெட்லிஃப்டில் உடம்பு நன்றாக முன்னே சாய்ந்துதான் இருக்கும். தொடை எலும்பு நீளமானவர்களுக்கு இன்னும் அதிகமாகச் சாயும். அது அவர்கள் உடல்வாகு, குறை அல்ல. சாய்ந்த நிலையிலும் நிற்கும்போது உள்ள இயல்பான வளைவை முதுகு வைத்துக்கொண்டால் போதும். நெஞ்சைப் பிதுக்கி முதுகைப் பின்னே வளைப்பதும் தேவையில்லை.

முதுகு கொஞ்சம் வளைந்தால் உடனே முறிந்துவிடும் என்ற பயத்தையும் விட்டுவிடுங்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறார்கள். அந்த உருண்டைக் கல்லை முதுகு வளையாமல் எடுக்கவே முடியாது. அந்த வளைவுக்கே பழகிய உடம்பு அதைத் தாங்குகிறது. பழகாத உடம்பில், கனமான எடையோடு, பாதி வழியில் முதுகின் வடிவம் மாறுவதுதான் நான் தவிர்க்கச் சொல்வது. உங்கள் நான்காவது ரெப்பில் அதுதான் நடந்தது. முதல் மூன்றில் இடுப்பும் தோளும் சேர்ந்து எழுந்தன. நான்காவதில் இடுப்பு முதலில் எகிறியது, தோள் கீழேயே நின்றது, மீதி எடை முழுவதும் கீழ்முதுகின் மேல் வந்து விழுந்தது. களைப்பு வந்துவிட்டது என்பதை உடம்பு அப்படித்தான் சொல்லும். மூன்றாவது ரெப்போடு பாரை வைத்திருக்க வேண்டும்.

தூக்குவதற்கு முன் பாரின் தளர்வை எடுப்பது ஒரு தனிக் கலை. பாரை வெடுக்கென்று பிடுங்காமல், மெல்ல மேலே இழுத்தால் பிளேட்டின் துளையில் பார் முட்டி 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் கால்களால் தரையை அழுத்த வேண்டும். அக்குளில் எலுமிச்சம்பழம் ஒன்றை இடுக்கிக்கொண்டதுபோல் கைகளை உடம்போடு சேருங்கள். பார் காலை உரசிக்கொண்டே ஏறும். மேலே வந்ததும் நிமிர்ந்து நின்றால் போதும், பின்னால் சாய வேண்டாம். இறக்கும்போது இடுப்பு முதலில் பின்னே போகட்டும். பார் முழங்காலைத் தாண்டிய பிறகு முழங்காலை மடக்குங்கள்.

சின்ன விஷயம் இரண்டு. மெத்தென்ற ஓட்டப்பந்தய ஷூவைக் கழற்றிவிட்டு, தட்டையான கேன்வாஸ் ஷூவோ வெறும் காலோ போதும். ஒரு கை மேல்புறமும் ஒரு கை கீழ்ப்புறமுமாகப் பிடிக்கும் கலப்புப் பிடியில், உள்ளங்கை முன்னோக்கியுள்ள கையின் பைசெப்ஸ் தசைநார் அறுபடும் வாய்ப்பு உண்டு. இப்போதைக்கு இரண்டு உள்ளங்கையும் உங்களைப் பார்த்தபடியே இருக்கட்டும்.

பெல்ட் என்ன செய்யும், என்ன செய்யாது

பெல்ட் முதுகைப் பிடித்துக்கொள்ளும் கை அல்ல. பலரும் அப்படி நினைத்துத்தான் வாங்குகிறார்கள், நீங்களும்தான். அது உங்கள் வயிறு தள்ளுவதற்குக் கிடைக்கும் ஒரு சுவர். மூச்சை வயிற்றின் ஆழம் வரை இழுத்து, வயிற்றை முன்னும் பக்கமும் பின்னும் விறைக்கும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது. காற்றடைத்த பந்துபோல அந்த அழுத்தம் முதுகெலும்பை முன்பக்கமிருந்து தாங்குகிறது. வெளியே இறுக்கமான தோல் பெல்ட் இருந்தால் வயிறு அதன்மேல் முட்டும், அழுத்தம் இன்னும் கூடும். அதனால் பழகியவர்களால் சற்று அதிக எடையைத் தூக்க முடிகிறது. பெல்ட்டின் பயன் இவ்வளவுதான், ஆனால் இது உண்மையான பயன். மூச்சை அப்படி நிறுத்தி வயிற்றை விறைக்கத் தெரியாதவருக்கு, தள்ள ஆளில்லாத சுவராக அது சும்மா இடுப்பில் கிடக்கும்.

அது காயத்தைத் தடுக்குமா? மூட்டை தூக்கும் தொழிலாளர்களுக்கு பெல்ட் கொடுத்தால் முதுகுவலி குறையுமா என்று அமெரிக்காவின் தேசியப் பணியிடப் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் ஆராய்ந்தது. நலமாக இருக்கும் தொழிலாளரை பெல்ட் காப்பாற்றும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று 1994-இல் சொன்னது. அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கடைகளில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒன்பதாயிரத்துக்கும் அதிகமான ஊழியர்களைப் பின்தொடர்ந்து 2000-இல் வெளியிட்ட ஆய்விலும், தினமும் பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகுவலியில் வித்தியாசம் தெரியவில்லை. ஜிம் வேறு, கிடங்கு வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'போட்டிருந்தால் நடந்தே இருக்காது' என்று உறுதியாகச் சொல்ல எந்த அடிப்படையும் இல்லை. என் அனுபவத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. பெல்ட் தரும் தைரியத்தில் இன்னும் பத்து கிலோ மாட்டுகிறார்கள்.

'பெல்ட் கட்டினால் தசை சோம்பேறி ஆகிவிடும்' என்று மறுபக்கம் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். கனமான செட்டுகளில் மட்டும் கட்டுபவரின் தசைகளும் பாடுபடத்தான் செய்கின்றன. நான் கவலைப்படுவது நாள் முழுக்க நாற்காலியில் நீங்கள் கட்டியிருக்கும் எலாஸ்டிக் பெல்ட்டைப் பற்றி. 'இது இல்லாமல் நான் உட்காரவே முடியாதவன்' என்று அது தினமும் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாளைக்கே கழற்றி எறியச் சொல்லவில்லை. இந்த வாரம் பாதி நேரம், அடுத்த வாரம் பஸ் பயணத்துக்கு மட்டும், அதற்கடுத்த வாரம் அலமாரியில். அதற்குப் பதில் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து தயாரிப்புத் தளம் வரை ஒரு நடை. எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை போன்ற காரணங்களுக்காக மருத்துவர் பெல்ட் கட்டச் சொன்னவர்களுக்கு இந்த ஆலோசனை பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் கழற்றக்கூடாது.

ஜிம் பெல்ட் வாங்கும் நாள் வந்தால் சுற்றளவு முழுக்க ஒரே அகலமுள்ள தோல் பெல்ட்டாகப் பாருங்கள். முதுகில் அகலமாகவும் வயிற்றில் குறுகலாகவும் இருப்பவை கடைகளில் நிறையக் கிடைக்கும். சுவர் முக்கியமாகத் தேவைப்படும் வயிற்றுப் பக்கத்தில்தான் அவை மெலிந்துபோகின்றன. சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு அனுமதிக்கும் உச்ச அளவு 10 சென்டிமீட்டர் அகலம், 13 மில்லிமீட்டர் தடிமன். உங்களுக்கு 10 மில்லிமீட்டர் தடிமனே தாராளம். விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் கட்டுங்கள். குனியும்போது தொடையிலோ விலாவிலோ குத்தினால் ஒரு விரல் மேலே ஏற்றிப் பாருங்கள். மூச்சை விட்ட நிலையில் பெல்ட்டுக்குள் விரல்கள் தட்டையாக நுழைய வேண்டும், மூச்சை நிரப்பியதும் வயிறு அதை நன்றாக முட்ட வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக் கட்டினால் மூச்சு நெஞ்சுக்கு ஏறிவிடும், பெல்ட் கட்டியதே வீண். உங்கள் உச்ச எடையில் 80 விழுக்காட்டைத் தாண்டும் செட்டுகளுக்கு மட்டும் போதும். செட் முடிந்ததும் தளர்த்திவிடுங்கள்.

அந்த 138/88

இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிக் கடந்து போக மாட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமான எடையைத் தள்ளும்போது ரத்த அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று, ரத்தக் குழாய்க்குள்ளேயே கருவி வைத்து ஐந்து ஆரோக்கியமான பாடிபில்டர்களிடம் அளந்தார்கள். 1985-இல் வெளிவந்த அந்த ஆய்வில், லெக் பிரஸ் (கால்களால் எடையைத் தள்ளும் பயிற்சி) செய்யும்போது சராசரி 320/250 வரை போனது. சில நொடிகளில் இறங்கியும் விட்டது. ஆரோக்கியமான ரத்தக் குழாய் இதைத் தாங்கிக்கொள்கிறது. ஏற்கெனவே பிபி கூடியிருப்பவர் விஷயம் அப்படியல்ல. பெல்ட் அந்த அழுத்தத்தைக் குறைக்காது, கூட்டத்தான் செய்யும்.

ஒரு முகாமில் ஒரே ஒரு முறை பார்த்ததை வைத்து உங்களுக்கு பிபி என்று சொல்ல முடியாது. ஒரு வாரம், காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு அளந்து எழுதிவையுங்கள். 140/90-ஐ ஒட்டியே இருந்தால் பொது மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் கனமான எடை. மிதமான எடைப் பயிற்சி காலப்போக்கில் பிபியைக் குறைக்கவே உதவும் என்பதால், இதைச் சொல்லிப் பயிற்சியையே நிறுத்திவிட வேண்டாம். ஒரு ரெப்புக்கு ஒரு மூச்சு, ஒன்றிரண்டு நொடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். பார் தரையைத் தொட்டதும் விட்டுப் புதிதாக இழுங்கள். கண் அழுத்த நோய் உள்ளவர்களும் குடலிறக்கம் உள்ளவர்களும் மூச்சைப் பிடித்துத் தூக்கும் முன், பெல்ட் கட்டும் முன் தங்கள் மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

திரும்பி வரும் வழி

அரை மணி நேரம் நடக்க முடிகிறதா? குனிந்து சாக்ஸ் போடும்போது வலி இல்லையா? சரி, அப்படியென்றால் தொடங்கலாம். முதல் இரண்டு வாரம் பாரையே தொட வேண்டாம். ஒரு துடைப்பக் கம்பை முதுகோடு நிமிர்த்திப் பிடியுங்கள். அது தலையின் பின்புறம், தோள்பட்டைகளின் நடு, பிட்டத்தின் மேல் எலும்பு என மூன்று இடத்திலும் ஒட்டியிருக்கட்டும். அந்த மூன்றில் ஒன்றுகூட விலகாமல், காரின் கதவைப் பின்புறத்தால் தள்ளிச் சாத்துவதுபோல் இடுப்பைப் பின்னே கொண்டுபோய் வாருங்கள். பத்துப் பத்தாக மூன்று முறை, தினமும். சலிப்பாக இருக்கும் என்று தெரியும். தயவுசெய்து இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

மூன்றாவது வாரம் உயர்த்தி வைத்த பாரில் 40 கிலோ, ஐந்து ரெப்பாக மூன்று செட். வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி. வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் கூட்ட வேண்டாம். இப்படியே போனால் மூன்று மாதத்தில் பழைய 90 கிலோவைத் தொடுவீர்கள். அதுவரை பெல்ட் வேண்டாம். வலிக்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மூன்று வரையிலான வலி, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் பிரச்சினையில்லை. மறுநாளும் கூடவே வந்தால் முந்தைய வார எடைக்குத் திரும்புங்கள். நடுவில் ஒரு போட்டி அறிவிக்கப்பட்டால், அந்தப் போட்டி உங்களுடையது அல்ல.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. பாதத்தைத் தூக்க முடியாமல் கால் இழுபட்டால், வலி முழங்காலுக்குக் கீழே இறங்கி மரத்துப்போனால் உடனே மருத்துவரைப் பாருங்கள். சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமலே போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தாலும் அது அவசரநிலை. நள்ளிரவானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

மனைவியின் ஆசை, அம்மாவின் பயம்

உங்கள் மனைவி தாராளமாக வரலாம். கர்ப்பப்பை இறக்கத்துக்கு முக்கியக் காரணங்கள் கர்ப்பப்பையை அடியிலிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் சுகப்பிரசவத்தின்போது விரிந்து தளர்வது, வயது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், அதிக உடல் எடை ஆகியவை. முறையாக, படிப்படியாக எடை தூக்கும் இளம்பெண்ணை இதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில், மாதவிடாய் நின்று எலும்பு தேய்ந்திருந்த 101 பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு குழுவினருக்கு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, டெட்லிஃப்ட் உள்ளிட்ட கனமான பயிற்சிகள். எட்டு மாதத்தில் அவர்களுடைய கீழ்முதுகின் எலும்பு அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. வீட்டிலேயே லேசான பயிற்சி செய்த இன்னொரு குழுவினருக்கு அது குறைந்தது. அவர்களின் சராசரி வயது 65. உங்கள் அம்மாவின் வயதுக்காரர்கள்.

மனைவி தொடங்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருமும்போதோ தூக்கும்போதோ சிறுநீர் கசிந்தால், அடிவயிற்றில் ஏதோ கீழே இழுப்பதுபோல் தோன்றினால், அதை வெட்கப்பட்டு மறைக்காமல் மகப்பேறு மருத்துவரிடமோ இடுப்புத் தளப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டிடமோ காட்டட்டும். அந்த நிலையில் பெல்ட் கட்டுவது கீழ்நோக்கிய அழுத்தத்தைக் கூட்டிவிடும். எதுவும் இல்லையென்றால் 15 கிலோ எடையுள்ள பெண்கள் பாரிலேயே, உயர்த்தி வைத்துத் தொடங்கலாம். மூச்சை நிறுத்தாமல், எழும்போது வாய் வழியாக விட்டபடி.

அம்மாவிடம் பேசும்போது ஆய்வுக் கணக்கு எதுவும் வேண்டாம். நிறைந்த சமையல் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. அதை அவர் இத்தனை வருடம் எப்படி நகர்த்தினார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒற்றைக் கையால், இடுப்பை ஒடித்துத் திருப்பித்தான் இழுத்திருப்பார். அடுத்த சிலிண்டர் வரும்போது அவருக்குக் காட்டிக்கொடுங்கள்: முடிந்தவரை அடிவிளிம்பில் உருட்டி நகர்த்துவது, தூக்கியே ஆக வேண்டுமென்றால் கால்களுக்கு நடுவில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பைப் பின்னே தள்ளி, உடம்போடு ஒட்டி எடுப்பது. அது டெட்லிஃப்ட்தான் என்பதை அவர் தூக்கி முடித்த பிறகு சொல்லுங்கள்.